வேகத்தின் கதை – 17: டேங்க்குக்குள் ஒரு மோட்டார்

1988-ல் கோவையின் கரிவரதன் உருவாக்கிய 'ஃபார்முலா மாருதி' பந்தயக் காரில் துடித்தது, மாருதி 800-ன் 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின். நரேன் கார்த்திகேயன் உட்பட ஒரு தலைமுறையே அதில் பந்தயம் பழகியது. கார்புரேட்டர் காலம் அது. அன்றைய மாருதி 800-ல் கேம்ஷாஃப்ட் தட்டத் தட்ட ஏறி இறங்கும் சின்ன டயாஃப்ரம் பம்ப், கால் பார் அழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ளினாலே வண்டி ஓடிவிடும்.

கரிவரதன் 1995-ல் மறைந்தார். அவர் பெயரில் செட்டிப்பாளையத்தில் 2003-ல் அமைந்த 2.1 கிலோமீட்டர் தடத்தில் இப்போது ஓடும் கார்களில் பெட்ரோலை இன்ஜெக்டர்தான் பீய்ச்சுகிறது. அதற்கு 3 பார் அழுத்தமாவது வேண்டும். அந்த அழுத்தத்தைத் தருவது டேங்க்குக்குள் பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கும் ஒரு மின்மோட்டார்.

இன்ஜினுக்கு டர்போ பூட்டி, இன்ஜினை ஆளும் கணினியான ஈசியூவை மாற்றி எழுதி, சைலன்சர் வரை புதிதாகப் போடுகிறவர்கள் இந்த மோட்டாரை மறந்துவிடுகிறார்கள். மறந்ததன் விலை பெரியது. நாலாயிரம் ஆர்பிஎம் வரை எந்தக் குறையும் தெரியாது. முழு ஆக்சிலரேட்டரில், உச்ச வேகத்தில் பெட்ரோல் போதாமல் கலவை 'லீன்' ஆகும், சிலிண்டருக்குள் வெப்பம் எகிறும், கலவை தாறுமாறாக வெடிக்கும் 'நாக்கிங்' தொடங்கும். சில நொடிகளில் பிஸ்டன் தலையில் ஓட்டை விழுந்துவிடலாம்.

சரி, எந்த பம்ப்? "255 லிட்டர் வால்ப்ரோ போட்டுடுங்க" என்பதுதான் பட்டறைகளில் சட்டென்று வரும் பதில். மணிக்கு 255 லிட்டர் தள்ளும், உலகமெங்கும் பேர்பெற்ற பம்ப் அது. ஆனால் அந்த எண் எந்த அழுத்தத்தில், எத்தனை வோல்ட்டில் அளந்தது என்று கேட்பவர்கள் குறைவு.

வத்திராயிருப்பை அடுத்த மகாராஜபுரத்தில் தென்னந்தோப்புக்கு மோட்டார் வாங்கப் போகிற விவசாயி, கடைக்காரரிடம் முதலில் சொல்வது கிணற்றின் ஆழத்தைத்தான். ஆழம் கூடினால் அதே மோட்டார் தரும் தண்ணீர் குறையும். வோல்டேஜ் இறங்கினால் இன்னும் குறையும். பெட்ரோல் பம்புக்கும் இதே கணக்கு. இங்கே ஆழத்துக்குப் பதில் அழுத்தம். டர்போ 1 பார் காற்றைத் திணித்தால், ரெகுலேட்டர் பெட்ரோல் அழுத்தத்தையும் 3-லிருந்து 4 பாருக்கு உயர்த்தும். ஆக, 4 பாரில் எத்தனை லிட்டர் வரும் என்பதைத்தான் பம்ப் தயாரிப்பாளரின் வரைபடத்தில் பார்க்க வேண்டும்.

200 குதிரைத்திறன் டர்போ இன்ஜின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 270 கிராம் பெட்ரோல் என்றால் மொத்தம் 54 கிலோ, அதாவது ஏறக்குறைய 73 லிட்டர். இன்று பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். எனவே அதே காற்றுக்கு எட்டு சதவீதம் போலக் கூடுதல் எரிபொருள் தேவை: 79 லிட்டர். பம்ப் தேயும், வெயில் ஏறும் என்று கால் பங்கு கூட்டினால் 100 லிட்டரை நெருங்கும். 4 பாரில் 100 லிட்டர் தாராளமாகத் தருகிற, எத்தனாலைத் தாங்கும் பம்ப் இருந்தால் இந்த இன்ஜினுக்குப் போதும்.

தேவைக்கு மீறிய பம்பும் தொல்லைதான். எரியாத பெட்ரோல் சுற்றிச் சுற்றி டேங்க்குக்கே திரும்பிச் சூடேறும். பழைய ரெகுலேட்டரால் அந்த வெள்ளத்தைத் திருப்பிவிட முடியாமல், ஐடிலிங்கில் அழுத்தம் ஏறிவிடும். கரண்டும் கூடுதலாக இழுக்கும். பம்பின் அளவுகள் பெரும்பாலும் 13.5 வோல்ட்டில் எடுக்கப்பட்டவை. மெல்லிய பழைய வயரிலேயே இணைத்தால் பம்புக்குப் போய்ச் சேர்வது 12-க்கும் கீழே இருக்கலாம். பேட்டரியிலிருந்து தடித்த வயர், தனி ரிலே, தனி ஃபியூஸ் — புது பம்பை விட இந்தச் சின்னச் செலவுதான் சில கார்களில் நோயைத் தீர்த்திருக்கிறது.

பம்ப் எத்தனை நுட்பமான பொருள் என்பதற்கு 2020 நல்ல உதாரணம். எரிபொருள் பம்பில் குறை இருக்கலாம் என்று, அந்த ஜூலையில் மாருதி சுசுகி 1,34,885 வேகன் ஆர், பலேனோ கார்களைத் திரும்ப அழைத்தது. பெரிய நிறுவனத்தின் சோதனைகளைக் கடந்து வந்த பம்புகளுக்கே இந்தக் கதி. பெட்டியில் வால்ப்ரோ என்று அச்சடித்துப் பாதி விலைக்கு வரும் போலியை நம்பி இன்ஜினை ஒப்படைக்கவே கூடாது.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துச் சித்திரை வெயிலில் இன்னொரு கவனமும் வேண்டும். மூழ்கியிருக்கும் பெட்ரோல்தான் பம்பைக் குளிர்விக்கிறது. கால் டேங்க்குக்குக் கீழே இறங்கவிட்டு விரட்டினால் பம்ப் சூடாகும். பந்தயத் தடத்தின் வளைவுகளில் பெட்ரோல் ஒருபுறம் ஒதுங்க, பம்ப் காற்றை உறிஞ்சும் ஆபத்தும் உண்டு. அதற்காகவே பந்தயக்காரர்கள் இரண்டு லிட்டர் அளவில் 'சர்ஜ் டேங்க்' ஒன்றை இடையில் வைக்கிறார்கள். பிரதான டேங்க் ஓரிரு நொடி கைவிட்டாலும் இன்ஜின் பட்டினி கிடக்காது.

பம்பை மாட்டியதும் வேலை முடிந்துவிடுவதில்லை. பிரஷர் கேஜும், கலவையைக் காட்டும் வைட்பேண்ட் மீட்டரும் பொருத்தி, இன்ஜின் திறனை அளக்கும் டைனோவில், டர்போவின் முழு பூஸ்ட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பூஸ்ட் ஏறும்போது அழுத்தமும் கூடவே ஏறி, ரெட்லைன் வரை சரியாமல் நின்றால் பம்ப் சரி. பாதியில் முள் சரிந்தால் அங்கேயே காலை எடுத்துவிட வேண்டும்.

(அடுத்த வாரம்: இன்ஜெக்டர்)