தாய் இழுத்த மணி

மக்களை இழந்த பெற்றோர்க்கு உலகம் கூறும் ஆறுதல் மொழிகளுள் தலையாயது ‘விதி’ என்பதாகும். நோயினால் நேர்ந்த சாவுக்கு அம்மொழி ஒருகால் மருந்தாகலாம். ஆயின், பிறர் கையாற் கொல்லப்பட்ட பிள்ளையின் தாய்க்கு அது மருந்தாகுமா? கொன்ற கையை மறைக்கும் திரையாகவன்றோ அஃது அமைந்துவிடுகின்றது! இத்தகைய துயரின் இயல்பை உணர்வதற்கு மேமி டில் என்னும் அமெரிக்கத் தாயின் வரலாறு பெரிதுந் துணைசெய்யும்.

சிக்காகோ நகரில் வாழ்ந்த கறுப்பினப் பெண்மணியாகிய மேமிக்கு எமெற் ஒரே மைந்தன், வயது 14. அவன் 1955ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் மிசிசிப்பி மாநிலத்திலிருந்த உறவினர் இல்லத்துக்குச் சென்றான். ஆங்குக் கடையொன்றில் வெள்ளையினப் பெண்ணொருத்தியிடம் வரம்பு மீறினான் எனப் பழிசுமத்தி, 28ஆந் திகதி பின்னிரவில், அவள் கணவனும் அவனுடைய சகோதரனும் சிறுவனைத் தூக்கிச்சென்று வதைத்துக் கொன்றனர். மூன்று நாட்களின்பின் தலாகாச்சி ஆற்றிலே உடல் கிடைத்தது. முகம் சிதைந்திருந்தது. விரலிற் கிடந்த தந்தையின் மோதிரமே அவன் இன்னானென உணர்த்திற்று.

பேழையைத் திறத்தலாகாது என்ற நிபந்தனையோடு உடல் சிக்காகோவுக்கு அனுப்பப்பட்டது. தாய் அதற்கு இசைந்திலர். பேழையைத் திறப்பித்தார், தாம் கண்டதை ஊரும் காணட்டும் என்றார். பல்லாயிரவர் வரிசையில் நின்று கண்டனர். ‘ஜெற்’ என்னும் சஞ்சிகை அம்முகத்தைப் படமாக வெளியிட்டது.

பெற்ற மகனின் சிதைந்த முகத்தைப் பிறர் காணவைத்தல் தாய்மைக்கு அடுக்குமோ என வினவுவாரும் உளர். அவர் பின்னர் நடந்ததை நோக்குக. கிடைத்த உடல் எமெற்றினுடையதன்று என்று மிசிசிப்பி நீதிமன்றத்தில் வாதிக்கப்பட்டது. பெற்றவள் தன் பிள்ளையை அறியாளாம்! வெள்ளையினத்து ஆடவரே நிரம்பிய யூரிமார் ஏறத்தாழ ஒருமணி நேரத்துள் இருவரும் குற்றவாளிகளல்லர் எனத் தீர்ப்புக் கூறினர். 1956 ஜனவரியில் அவ்விருவரும் பணம் பெற்றுக்கொண்டு, தாமே கொன்றதாகச் சஞ்சிகையொன்றுக்கு உரைத்தனர். ஒருமுறை விடுவிக்கப்பட்டோரை அதே குற்றத்துக்கு மீண்டும் விசாரிக்கச் சட்டம் இடந்தரவில்லை.

வன்முறையாற் பிள்ளையை இழந்தோர் எய்தும் இரண்டாவது புண் இதுவே: நடந்தது நடக்கவில்லை எனப் பிறர் சாதித்தல். ஆதலின் அவர்க்கு ஆறுதலினும் முன்னர் வேண்டப்படுவது சான்று. நம் நாட்டு ஒப்பாரியும் வெறும் அழுகையன்று. இறந்தாரின் சிறப்பை எண்ணிச் சொல்வதும், ஏன் இறந்தார் என ஊரைக் கேட்பதும் அதன்கண் உள.

மனுநீதிச் சோழன் கதையை நாம் மாணவர்க்குக் கற்பிக்கின்றோம். கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை இழுத்தது, அரசன் செவிசாய்த்தான். மேமிக்கு இழுப்பதற்கு மணி இல்லை. மகனின் பேழையையே அவர் மணியாக்கினார்.

அதன்பின் அவர் செய்தது ஆசிரியராகிய நம்மனோர் சிந்தித்தற்குரியது. கல்லூரியிற் பயின்று 1960இல் பட்டம் பெற்றார்; சிக்காகோப் பள்ளிகளில் 23 ஆண்டுகள் சிறுவர்க்குக் கற்பித்தார். மார்ட்டின் லூதர் கிங்கின் உரைகளை அரங்கிலே பேசும் சிறுவர் குழுவொன்றை 1973இல் அமைத்தார். தம் பிள்ளை வளர்ந்து பேசாத மொழியைப் பிறர் பிள்ளைகள் வாயிற் கேட்டார்.

எல்லாப் பெற்றோரும் இவ்வாறு எழுவர் என எதிர்பார்த்தல் முறையன்று. சிலர் வாய்திறவார், சிலர் பிள்ளையின் சட்டையைப் பல்லாண்டு மடித்தபடியே வைத்திருப்பர். அவரவர் துயர்க்கு அவரவர் வழி. அவரை ‘மறந்துவிடுக’ என விரைவுபடுத்தாதிருத்தலும், இறந்த பிள்ளையின் பெயரை அவர்முன் அஞ்சாது சொல்லுதலும், அவர் கூறுவதைக் கூறி முடிக்குமட்டும் கேட்டலும் அயலவராகிய நமது கடன்.

கொன்றவர் இருவரும் தண்டனையின்றியே இறந்தனர். மேமியும் 2003 ஜனவரியில், தமது 81ஆவது வயதிற் காலமானார். கும்பலாய்க் கூடிக் கொல்வதை நாடளாவிய குற்றமாக்கிய, எமெற்றின் பெயர்தாங்கிய சட்டம், 2022 மார்ச் 29ஆந் திகதியே ஒப்பமிடப்பெற்றது. தாய் இழுத்த மணியின் ஓசை அரசின் செவியை எட்டுதற்கு 67 ஆண்டுகள் கழிந்தன.