மோட்டார் காற்று வாங்கினால்

போன சித்திரையில் எங்கள் கிணற்று மோட்டார் தண்ணீரை விட்டுவிட்டுத் துப்ப ஆரம்பித்தது. பத்து நிமிஷம் நன்றாக ஓடும். அப்புறம் டெலிவரி பைப்பில் புஸ் புஸ் என்று காற்றும் நுரையும் வரும், பிறகு ஒன்றுமே வராது. மிளகாய் நாற்று நட்டு எட்டு நாள்தான் ஆகியிருந்தது.

பார்க்க வந்த மெக்கானிக், "தண்ணி கீழ போயிருச்சு சார், போர் போட்டு நீர்மூழ்கி இறக்கிடுங்க" என்றார். லட்ச ரூபாய்க்கு மேல் ஆகும். கடன் மனுக்களில் நாலு கேள்வி கேட்டே பழகிய எனக்கு உடனே தலையாட்ட மனசு வரவில்லை.

மோட்டார் இருப்பது கிணற்றுக்குள் ஒரு திட்டில். அங்கிருந்து கயிறு விட்டு அளந்தேன். தண்ணீர் 17 அடியில் இருந்தது. தண்ணீரை மேலே தள்ளுவது வெளிக்காற்றின் அழுத்தம்தான். கணக்குப்படி 33 அடி வரை ஏறும், நடைமுறையில் 20, 22 அடி தாண்டினாலே திணறும். ஆக, குறை ஆழத்தில் இல்லை. ஃபுட்வால்வும் மூன்றடி மூழ்கித்தான் இருந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொன்னபடி சாணி கரைத்தும் ஊற்றிப் பார்த்தேன். ஃபுட்வால்வு கசிந்தால் அது கேட்கும், இதுக்குக் கேக்கல.

சக்‌ஷன் பைப்பில் ஓட்டை இருந்தால் மோட்டார் ஓடும்போது சொட்டாது, காற்றைத்தான் உள்ளே இழுக்கும். அதனால் கண்ணில் படாது. மோட்டாரை நிறுத்தியதும் டெலிவரி பைப்பில் நிற்கும் தண்ணீரின் கனம் திரும்பி அழுத்தும், அப்போதுதான் சொட்டும். நிறுத்திவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். சொட்டியது எங்கே தெரியுமா? ஜீவாமிர்தம் இழுக்க நானே சக்‌ஷன் பைப்பில் துளைபோட்டு மாட்டிய சின்ன வால்வில்! மூடித்தான் இருந்தது. மறுபடி ஓடவிட்டு அதன் வாயில் கட்டைவிரலை வைத்தேன். விரலை இழுத்துப் பிடித்தது. அரை நிமிஷத்தில் தண்ணீர் முழுக்குழாயாக வந்தது.

ஜீவாமிர்தத்தில் வரப்பு மண் ஒரு கைப்பிடி போடுகிறோமே, அதை நான் சரியாக வடிகட்டவில்லை. மணல் உராய்ந்து வால்வுக்குள் கீறிவிட்டது. மெக்கானிக்கைக் குறை சொல்லி என்ன பயன்? அந்தத் துளையைப் பற்றி நான் அவரிடம் சொல்லவே இல்லையே.

இப்போது அந்த இடத்தை மூடியாச்சு. டெலிவரிப் பக்கம் வென்ச்சுரி வைத்து, இரண்டு முறை துணியில் வடிகட்டித்தான் கரைசலை விடுகிறேன். சக்‌ஷனில்தான் இழுப்பேன் என்பவர்கள், டிரம் காலியாவதற்கு முன்பே வால்வை மூடி, வாயில் ஒரு மரையடைப்பும் போட்டுவிடுங்கள்.