மழைக்கு 'டைட்' ஆன தேக்கு ஷெல்ப்... சுத்தியலை எடுத்தால் காலி!

பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தை, காரைக்குடி பழைய சாமான் கடை என்று தேடி அலைந்தால் சில நேரம் கழற்றி மாட்டும் தேக்கு ஷெல்ப் சிக்கும். சுவரை ஒட்டி நிற்க இரண்டு சட்டம், சட்டத்தில் வரிசையாக துளை, துளைக்குள் சொருக பலகை. அவ்வளவுதான். இடம் இருந்தால் இன்னொரு அடுக்கு சேர்க்கலாம். வீடு மாறினால் கழற்றி கட்டாகக் கட்டி ஆட்டோவில் ஏற்றிவிடலாம். வாடகை வீட்டுக்காரர்களுக்கு ரொம்ப தோது.

தலைவலி வீட்டுக்கு வந்த பிறகுதான். இழுத்தால் வராது, தள்ளினால் போகாது. வீட்டுக்காரர் கடுப்பாகி இரும்பு சுத்தியலால் நாலு போடு போடுவார். 'டப்'பென்று துளையின் வாய் பிளந்துவிடும். துளை பிளந்த சட்டம் எடை தாங்காது. இந்த மாடலுக்கு கடையில் ரெடிமேடாக சட்டமும் கிடைக்காது. புதுசாக செய்யச் சொன்னால், ஷெல்ப் வாங்கின காசைவிட கூலி அதிகமாகிவிடும்.

உப்பும் மரம்

ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றில் இருக்கும் ஈரத்தை மரம் குடித்து உப்புகிறது. கதவு இழுத்துப் பிடிப்பதும் இதனால்தான். ஆனால் மரம் எல்லா பக்கமும் ஒரே மாதிரி உப்பாது. அகலமும் கனமும் கூடும். நீளம் கூடவே கூடாது என்றே சொல்லலாம். ஒரு அடி அகல தேக்குப் பலகை கோடைக்கும் மழைக்கும் நடுவே 2 மில்லிமீட்டர் வரைகூட மாறும்.

சிக்கல் இங்கேதான். பலகையின் முனையில் நாக்கு போல நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியை தச்சர்கள் 'கழுந்து' என்பார்கள். மழையில் அதன் கனம் கூடுகிறது. சட்டமோ நெட்டுவாக்கில் நீளாததால் துளையின் உயரம் அப்படியே இருக்கிறது. கழுந்து ஒரு தாள் கனத்துக்கு உப்பினாலே போதும், உடும்புப் பிடிதான்!

அதனால் மழைக்காலத்தில் இறுகுகிறதே என்று கழுந்தை செதுக்கக் கூடாது. சித்திரை வெயிலில் மரம் சுருங்கியதும் ஷெல்ப் 'லொடலொட' என்று ஆடும். டிவியும் பாத்திரமும் தலையில் விழுந்தால் யார் பொறுப்பு? முதலில் ஃபேன் காற்றில் இரண்டு, மூன்று வாரம் காயவிட வேண்டும். மொட்டை மாடி வெயிலில் போட்டால் வெடித்துவிடும். காய்ந்த பிறகு பாதி ஷெல்ப் தானாகவே வழிக்கு வந்துவிடும்.

வஜ்ஜிரமா, ஆணியா?

அப்படியும் வரவில்லையா? உள்ளே ஏதோ பிடித்திருக்கிறது. டார்ச் அடித்து பார்க்க வேண்டும். மூங்கில் ஆணி இருந்தால் சின்ன முனை உள்ள பக்கத்திலிருந்து தட்டி வெளியே எடுக்கலாம். இடுக்கில் பழுப்பாக, கண்ணாடி மாதிரி பிசின் தெரிந்தால் அது வஜ்ஜிரம். மாட்டுத் தோல், எலும்பில் காய்ச்சும் பசை. 1959-ல் பெவிகால் வந்த பிறகுதான் இது மெல்ல ஒதுங்கியது. வஜ்ஜிரத்தை கழற்றுவது சுலபம். சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியை இணைப்பில் சுற்றி வைத்தால் இளகிவிடும். சுற்றியுள்ள பாலிஷ் வெளுக்கும், அது பரவாயில்லை, பிறகு பூசிக்கொள்ளலாம்.

கழற்றும்போது கொட்டாப்புளிதான் சரி. கைவசம் இல்லையென்றால் நடுவில் மரக்கட்டை வைத்து தட்டலாம். ஒரே பக்கம் தட்டாமல் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி தட்ட வேண்டும். எந்தப் பலகை எந்தத் துளைக்கு என்று சாக்பீஸில் நம்பர் போடாமல் பிரித்தால் திரும்ப மாட்டும்போது திண்டாட்டம். அந்தக் காலத்து கைவேலையில் ஒரு துளை மாதிரி இன்னொன்று இருக்காது.

கார்பன் பேப்பர் வித்தை

காய்ந்த பிறகும் இறுக்கமாக இருந்தால் மட்டும் தேய்க்கலாம். கழுந்தின் மேல் கார்பன் பேப்பரை வைத்து துளைக்குள் லேசாக சொருகி எடுத்தால், உரசும் இடத்தில் மை ஒட்டியிருக்கும். அந்த இடத்தை மட்டும் மரக்கட்டையில் சுற்றிய 120-ம் நம்பர் உப்புத்தாளால் நாலு தேய் தேய்த்துவிட்டு மறுபடி சொருகிப் பார்க்க வேண்டும். துளையில் கை வைக்கவே கூடாது. கடைசியாக மெழுகுவர்த்தியை கழுந்தில் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு போகும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுக்கு பிடித்து தூசி சேரும்.

பல நேரம் இறுக்கத்துக்கு காரணம் மரமே இல்லை. வருஷா வருஷம் அடித்த பெயின்ட் துளைக்குள் ஏறியிருக்கும். இதில்தான் உஷார் தேவை. வீட்டு பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-ல் வந்து, 2017 நவம்பரில்தான் அமலானது. அதற்கு முந்தைய பெயின்டில் ஈயம் எக்கச்சக்கமாக இருக்கலாம். அந்தத் தூள் வயிற்றுக்குள் போனால் சின்னப் பிள்ளைகளின் மூளையை பாதிக்கும். எனவே பெயின்ட் உள்ள இடத்தை காய்ந்தபடி தேய்க்காமல், தண்ணீர் தெளித்து வாட்டர் பேப்பரால் தேய்க்க வேண்டும். முகமூடி அவசியம். பிள்ளைகளை பக்கத்தில் விடக்கூடாது. தூளை துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

திரும்ப மாட்டும்போது சுவருக்கும் பலகைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விடுவது நல்லது. ஓதம் காத்த சுவரில் ஒட்டி வைத்தால் அடுத்த மழைக்கும் இதே இழுபறிதான்.