மஞ்சள் கவுன் ஏன் கறுத்தது?

“விக்டோரியா காலத்துப் படங்களில் ஐரோப்பியப் பெண்கள் கறுப்பு கவுனிலேயே நிற்கிறார்களே, எல்லார் வீட்டிலும் துக்கமா?” என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகி. சில வீடுகளில் துக்கம்தான். சிலர் மஞ்சளோ சிவப்போ உடுத்திக்கொண்டு போயிருப்பார்கள். கறுப்பாக்கியது ஸ்டூடியோக்காரரின் கண்ணாடித் தகடு.

1851-இல் ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர், கண்ணாடித் தகட்டில் படமெடுக்கும் ஈரக் கொலோடியன் முறையை வெளியிட்டார். பிறகு ஜெலட்டின் பூசிய உலர் தகடு வந்தது. வரலாறு இது போதும். ருசியான சங்கதி, இரண்டிலும் இருந்த வெள்ளி உப்பு.

அந்த உப்புக்கு நீலமும் ஊதாவும்தான் வெளிச்சம். ரயில் நிலையத்து எடை பார்க்கும் இயந்திரம் நினைவிருக்கிறதா? ஒரு ரூபாய் போட்டால்தான் சீட்டு விழும். நீல ஒளித்துகள் முழு ரூபாய். சிவப்புத் துகள் அரை ரூபாய்க்குச் சற்று மேல். அரை ரூபாயை மூட்டையாகக் கொட்டினாலும் சக்கரம் சுற்றாது. இருட்டறையில் சிவப்பு விளக்கு எரியலாம் என்பதும் இதனால்தான்.

நீலக் கண்கள் படத்தில் வெளிறின. மஞ்சள் பட்டு கறுத்தது. 1864 வாக்கில் பாரிஸில் நாடார் (Nadar) என்ற பிரெஞ்சுப் புகைப்படக்காரர் எடுத்த படத்தில், செம்பொன் கூந்தல்காரியான நடிகை சாரா பெர்னார்ட்டின் முடி கருகருவென்றிருக்கிறது. நேரில் லேசாகத் தெரிந்த பழுப்புப் புள்ளிகள் கன்னத்தில் மிளகுத்தூளாக விழுந்தன. நெகட்டிவில் அந்தப் புள்ளி வெறும் கண்ணாடியாக இருக்கும். கூரான பென்சிலால் அங்கே மெல்லத் தீட்டினால், அச்சில் கன்னம் வெளுக்கும். கரியைப் பூசி முகத்தை வெளுக்கவைக்கிற வேலை!

1873-இல் ஜெர்மன் வேதியியலாளர் ஹெர்மன் ஃபோகல் உப்பில் சாயம் கலந்து, பச்சையையும் பார்க்க வைத்தார். சிவப்பு பார்க்கும் தகடு கடைக்கு வர அடுத்த நூற்றாண்டு ஆயிற்று.

இப்போது செயற்கை நுண்ணறிவு பழைய படங்களின் ‘நிஜ நிறத்தை மீட்டுவிட்டது’ என்று வாரம் ஒரு செய்தி வருகிறது. மஞ்சள் பட்டும் கறுப்புப் பட்டும் தகட்டில் ஒரே மாதிரி பதிந்திருந்தால் எதை மீட்பது? ஊகம் அழகாக இருக்கலாம், ஊகம்தான். வாசகி கேட்ட துக்கக் கணக்கைச் செயலி சொல்லாது. தையல்காரர் கொடுத்த பில் எங்காவது கிடைத்தால், அது சொல்லும்.