பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிட்டீங்களா? முதல் அப்கிரேடுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க



போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திண்டுக்கல்ல எங்க வீட்டு வாசல்ல ஒரு வெள்ளை போலோ வந்து நின்னுச்சு. எங்க சித்தப்பா பையன். வயசு 26, கோயம்புத்தூர்ல வேலை, கைக்கு வர்ற சம்பளம் 52,000 ரூபாய். 2014 மாடல் போலோ ஜிடி டிஎஸ்ஐ, விலை 4,60,000. அதுல 1,60,000 கையில இருந்து கட்டி, மீதி 3 லட்சத்துக்கு 13 சதவீத வட்டியில 4 வருஷக் கடன்.

கார் நல்ல கார்தான், அதுல சந்தேகம் இல்ல. 1.2 லிட்டர் டர்போ, 105 பிஎஸ் பவர், 175 நியூட்டன் மீட்டர் டார்க், 7 ஸ்பீடு டிஎஸ்ஜி கியர்பாக்ஸ். இந்தியாவுல 2013-ல வந்துச்சு. 2022-ல போலோ விற்பனையே நின்னு போச்சு. நம்ம சம்பளத்துல ஸ்போர்ட்ஸ் கார் ஆசையைத் தீர்த்துக்க, செகண்ட் ஹேண்ட்ல நிறைய பேர் தேடுற வண்டி இது.

சாப்பிட்டு முடிச்சதும் தம்பி போனை நீட்டினான். "அண்ணா, முதல் மாட் லிஸ்ட் இது. பாருங்க."

- ஈசியு ரீமேப்: 35,000
- எக்ஸாஸ்ட்: 40,000
- ஏர் இன்டேக்: 15,000
- 17 இன்ச் அலாய், டயரோட: 75,000
- லோயரிங் ஸ்பிரிங்: 20,000

மொத்தம் 1,85,000 ரூபாய். "பேங்க்ல எவ்வளவு இருக்கு?"ன்னு கேட்டேன். 40,000. "அப்புறம் எப்படி?" "பர்சனல் லோன் ப்ரீ-அப்ரூவ்டுன்னு ஆப்ல காட்டுதுண்ணா."

நீங்களும் இதே இடத்துல நிக்கிறீங்கன்னா, தொடர்ந்து படிங்க. ஆசையை விடச் சொல்லப் போறதில்ல. வரிசையை மாத்தச் சொல்லப் போறேன்.

நான் செஞ்ச தப்பு

சி.ஏ. முடிச்ச புதுசுல நானும் ஒரு பழைய டர்போ ஹேட்ச்பேக் வாங்கினேன். முதல் வேலையா ரீமேப், எக்ஸாஸ்ட். டயர் 'இன்னும் பட்டன் இருக்கே'ன்னு அப்படியே விட்டுட்டேன். ஒரு மழை நாள்ல அப்பாவைப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டு சிறுமலை போனேன். இறங்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவுல பிரேக் அழுத்துறேன், வண்டி திரும்பாம நேரா வழுக்கிக்கிட்டுப் போய்த் தடுப்புச் சுவர்ல இடிச்சுது. யாருக்கும் அடியில்ல. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளம்.

அப்புறம்தான் டயரைப் பார்த்தேன், வயசு ஆறு வருஷத்துக்கு மேல. சர்வேயர் வந்து எக்ஸாஸ்ட்டைப் பார்த்தார். பாலிசியில நான் அதைச் சொல்லவே இல்ல. கடைசியில 48,000 ரூபாய் என் கையில இருந்துதான் போச்சு. அப்பா திட்டல. ராத்திரி சாப்பிடும்போது ஒண்ணே ஒண்ணு கேட்டார்: "ஓடுறதுக்கு இவ்வளவு செலவு பண்ணியே, நிக்கிறதுக்கு எவ்வளவுப்பா பண்ணுன?"

பதில், பூஜ்யம்.

முதல்ல சம்பளக் கணக்கு

தம்பியோட கார் கடன் இஎம்ஐ சுமார் 8,050. மாட் லிஸ்ட்டுக்காக 1,85,000 பர்சனல் லோன், 14 சதவீதம், 3 வருஷம்னு வச்சா இஎம்ஐ சுமார் 6,320. வட்டி மட்டும் 42,600-க்கு மேல. அதாவது எக்ஸாஸ்ட்டோட விலையை விட அதிகமா வட்டிக்கே போகுது! சம்பளக்காரங்களுக்கு இந்த வட்டிக்கு வருமான வரியில எந்தக் கழிவும் கிடையாது.

நான் சொல்ற விதி: கார் சம்பந்தப்பட்ட எல்லாச் செலவும் சேர்த்து, கைக்கு வர்ற சம்பளத்துல 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 52,000-க்கு அது 15,600. இப்ப கழிச்சுப் பாருங்க:

- கார் கடன் இஎம்ஐ: 8,050
- பெட்ரோல் (மாசம் 500 கி.மீ., லிட்டருக்கு 12 கி.மீ.): சுமார் 4,200
- இன்சூரன்ஸ் (வருஷம் 15,000-ன்னு வச்சு): 1,250

மீதி 2,100 ரூபாய். உங்க உண்மையான மாட் பட்ஜெட் இதுதான். ஆப்ல காட்டுற ப்ரீ-அப்ரூவ்டு தொகை அல்ல.

அப்கிரேடு 1: வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டு வர்றது

பழைய வண்டியில முதல் பெர்ஃபார்மன்ஸ் அப்கிரேடு, அது ஃபேக்டரியில இருந்து வந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படி ஆக்குறதுதான். முழு ஸ்கேன், ஆயில், ஃபில்டர், ஸ்பார்க் பிளக், கூலன்ட், சஸ்பென்ஷன் புஷ். பழைய பிளக், அடைச்ச ஃபில்டரோட 105 பிஎஸ் முழுசா வராது. அதை வச்சுக்கிட்டு ரீமேப் பண்றது, காய்ச்சல்காரனை ஓட்டப் பந்தயத்துக்கு அனுப்புற மாதிரி.

இந்த மாடல்ல கியர்பாக்ஸைத் தனியா கவனிக்கணும். இது எண்ணெயில நனையாத ட்ரை கிளட்ச். ஊர்ந்து ஊர்ந்து போற டிராஃபிக்ல சூடாகும். தைப்பூசம் சமயத்துல பாதயாத்திரைக் கூட்டத்துக்கு நடுவுல பழனி ரோட்டுல போயிருக்கீங்களா? லீவு நாள்ல கொடைக்கானல் மலைப்பாதையில வரிசையில நின்னிருக்கீங்களா? அதுதான் இந்த கிளட்ச்சுக்குப் பெரிய சோதனை. கிளட்ச், மெகாட்ரானிக் யூனிட் போச்சுன்னா செலவு லட்சத்துல பேசும். அதனால அந்த 2,100 ரூபாய் முதல்ல 'கியர்பாக்ஸ் நிதி'க்குப் போகணும்.

கையோட பேப்பர் வேலையும் முடிங்க. படிவம் 29, 30 கொடுத்து ஆர்சி உங்க பேருக்கு மாறணும். வண்டி கை மாறின 14 நாளுக்குள்ள பாலிசியை மாத்த விண்ணப்பிக்கணும். பழைய ஓனரோட நோ க்ளெய்ம் போனஸ் அவரோடதான் போகும், உங்களுக்கு வராது. அந்த வித்தியாசத்தைக் கட்ட வேண்டி வரும்.

அப்கிரேடு 2: டயரும் பிரேக்கும்

திண்டுக்கல்ல இருந்து மதுரை போற நான்குவழிச் சாலையில 80-ல போறதுக்கும் 100-ல போறதுக்கும் 20 கி.மீ.தான் வித்தியாசம்னு தோணும். ஆனா பிரேக் பிடிச்சு நிக்கிற தூரம் வேகத்தோட வர்க்கத்துல கூடும். 80-ல் 30 மீட்டர்ல நிக்கிற வண்டி, 100-ல் கிட்டத்தட்ட 47 மீட்டர் போகும். நடுவுல ஒரு கிராமத்துக்காரர் டிவிஎஸ் 50-ல ரோட்டைக் கடக்கிறார்னு வச்சுக்குங்க. அந்த 17 மீட்டர்தான் எல்லாமே.

டயர் பக்கவாட்டுல, டாட் குறியீட்டோட கடைசியில நாலு இலக்கம் இருக்கும். 2319-ன்னா 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் தயாரிச்சது. அஞ்சாறு வருஷம் தாண்டினா பட்டன் இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும், ஈரத்துல பிடிக்காது.

தம்பி கேட்ட 17 இன்ச் அலாய் வேண்டாம்னேன். அவன் வண்டியில இருக்கிறது 185/60 ஆர்15. டயரோட பக்கச் சுவர் 111 மி.மீ. அதுவே 205/40 ஆர்17 போட்டா 82 மி.மீ. ஆயிடும். நம்ம ஊர் வேகத்தடையும் பள்ளமும் நேரா ரிம்முலதான் இடிக்கும். அதே சைஸ்ல நல்ல பிடிமானமுள்ள டயர் நாலு, சுமார் 24,000-க்குள்ள முடியும்.

பிரேக் ஃப்ளூயிட் ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாத்தணும். அது காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும். மலை இறங்கும்போது பிரேக் சூடாகி அந்த ஈரம் கொதிச்சா பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகும். இறங்கும்போது கியரை மேனுவல்ல போட்டு எஞ்சின் பிரேக்கிங் பயன்படுத்துங்க. அதுக்குக் காசே இல்ல.

அப்கிரேடு 3: ஓட்டுற ஆள்

கோயம்புத்தூர்க்காரர் எஸ். கரிவரதன் மாருதி 800-ஓட 796 சிசி எஞ்சினை வச்சுதான் 'ஃபார்முலா மாருதி' ரேஸ் காரை உருவாக்கினார். ஃபார்முலா 1-க்குப் போன முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் ஆரம்பத்துல அந்தக் கார்ல ஓட்டினவர்தான். சின்ன எஞ்சின்ல கத்துக்கிட்டா எந்த வண்டியையும் ஓட்டலாம்.

கரிவரதன் பேர்ல செட்டிபாளையத்துல இருக்கு கரி மோட்டார் ஸ்பீட்வே. சென்னைப் பக்கம்னா இருங்காட்டுக்கோட்டை. இந்த மாதிரி டிராக்ல பயிற்சி நாள் நடந்தா ஒரு தடவை போயிட்டு வாங்க. உங்க வண்டி எங்க பத்தலன்னு அங்க தெரியும். சிறுமலையோட 18 வளைவும் டிராக் கிடையாது. அங்க பஸ் வரும், வாழைத்தார் ஏத்தின வண்டி வரும்.

கடைசியா பவர்

ரீமேப் பண்றதுக்கு முன்னாடி நாலு கேள்வி.

1. கியர்பாக்ஸ் தாங்குமா? இந்த டிஎஸ்ஜி 250 நியூட்டன் மீட்டர் வரைக்கும்தான் வடிவமைக்கப்பட்டது. டியூனர் காட்டுற டைனோ சார்ட்ல டார்க் அதை நெருங்கினா விலகுங்க.

2. பெட்ரோல் என்ன கேட்கும்? பல ரீமேப்புக்கு 95 ஆக்டேன் வேணும். லிட்டருக்கு 8 ரூபாய் கூடுதல்னு வச்சா, மாசம் 42 லிட்டருக்கு வருஷம் 4,000 ரூபாய். ரீமேப்போட விலை 35,000-ல முடியறதில்ல.

3. சட்டம் என்ன சொல்லுது? மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-படி, ஆர்சியில இருக்கிற விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததுல இருந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை உறுதி பண்ணிச்சு. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிரிவு 182ஏ-படி 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, இல்ல ரெண்டும். சத்தமான எக்ஸாஸ்ட்டுக்குப் பிரிவு 190(2) தனியா இருக்கு: 10,000 ரூபாய் வரைக்கும் அபராதம்.

4. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்துல சொன்னீங்களா? "ரீமேப் வெளியில தெரியாது"ன்னு சொல்வாங்க. க்ளெய்ம் குறையவோ மறுக்கப்படவோ, சொல்லாம விட்ட ஒரு மாற்றம் போதும். என் 48,000 அப்படித்தான் போச்சு.

இன்னொண்ணு. விக்கும்போது மாட்-க்குப் போட்ட காசு திரும்பாது. வாங்குறவர் பயந்து விலையைக் குறைக்கத்தான் கேட்பார். எதை மாத்தினாலும் ஒரிஜினல் பார்ட்ஸைப் பத்திரமா எடுத்து வையுங்க.

தம்பிக்குப் போட்டுக் கொடுத்த திட்டம்

- பேங்க்ல இருக்கிற 40,000: தொடக் கூடாது. அது அவசரகால நிதியோட ஆரம்பம். ஆறு மாசச் செலவு அளவுக்கு வளரணும்.
- இந்த வருஷ போனஸ் 45,000: அதுல 18,000-ல சர்வீஸ், ஃப்ளூயிட், ஸ்கேன். 24,000-ல டயர். மீதி 3,000 அவசரகால நிதிக்கு.
- மாசம் 2,100: தனி ஆர்டி, கியர்பாக்ஸ் நிதி. அடுத்த வருஷ போனஸ் 45,000-மும் சேர்ந்தா ரெண்டு வருஷத்துல வட்டி இல்லாமலே 95,400.
- அந்த நிதி நிறைஞ்ச பிறகு அதே 2,100-ல நல்ல பிரேக் பேட், ஒரு டிராக் நாள்.
- ரீமேப்: கார் கடன் முடிஞ்ச பிறகுதான் யோசனை. மாசம் 8,050 விடுபடும்போது, அந்த நாலு கேள்விக்கும் பதில் இருந்தா, 5 மாசத்துல ரொக்கமா பண்ணிக்கலாம்.

தம்பி முகம் சுருங்கிடுச்சு. மறைக்கல. ஆனா லோன் எடுக்கல. போன வாரம் போன் பண்ணினான்: "அண்ணா, டயர் மாத்திட்டேன். பழசு 2016-ல தயாரிச்சதாம். வண்டி வேற வண்டி மாதிரி இருக்கு."

உங்க சம்பளத்துக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்க. எந்த நம்பரை எங்க போடணும்னு வீடியோவுல ஷீட்டைத் திறந்து காட்டியிருக்கேன். அதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை: இன்னைக்கு சாயங்காலம் பார்க்கிங்ல குனிஞ்சு, உங்க டயர்ல இருக்கிற அந்த நாலு இலக்கத்தைப் பாருங்க.