மருந்துப் புட்டியால் பிரிந்த சபை

காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு ஒரு கரண்டி மருந்து கொடுத்தால் அது விசுவாசக் குறைவா? நூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு திருச்சபையையே பிளந்த கேள்வி இது.

கிறிஸ்து சிலுவையில் பாவத்தோடு நோயையும் சுமந்து தீர்த்தார், பிறகு மருந்தைத் தொடுவது அவரை நம்பாததற்குச் சமம் என்று பெந்தெகொஸ்தே ஹோலினஸ் சர்ச்சின் போதகர்கள் பலர் உறுதியாக நின்றார்கள். அவர்களில் ஒருவரான எஃப்.எம். பிரிட்டனின் மகனும், பின்னர் மனைவியும் மருந்தை மறுத்தே இறந்தார்கள். அவர் கொள்கையை விடவில்லை. பென்சிலின் கண்டுபிடிக்கப்பட்டதே 1928-இல்தான். அன்றைய வைத்தியம் பல நோய்களுக்கு முன் கைகட்டி நின்றது உண்மை. ஆனாலும் அந்த வீட்டை நினைத்தால் எனக்கு மனம் ஆறவில்லை.

வாட்சன் சாரோ, ஹியூ பவுலிங் என்ற இரு போதகர்கள் எதிர்த்துப் பேசினார்கள். சுகம் தருபவர் தேவனே என்பதில் அவர்களுக்கும் சந்தேகமில்லை. மருந்து சாப்பிடுவது பாவமாகாது என்றார்கள், அவ்வளவுதான். சபையின் பத்திரிகை வரை வாதம் போனது. 1920-இல் இருவரும் விலக்கப்பட்டார்கள். மறுவருடமே அவர்களும் உடன் வந்தவர்களும் சேர்ந்து தொடங்கியதுதான் கான்கிரிகேஷனல் ஹோலினஸ் சர்ச்.

'கான்கிரிகேஷனல்' என்றால் சபையார் கையில் அதிகாரம். மேலே இருப்பவர்கள் நினைத்தால் ஒரு போதகரை வெளியே அனுப்பிவிடலாம் என்பதைப் பட்டு அறிந்தவர்கள் வைத்த பெயர். அதனால் இங்கே போதகரை மேலிடம் நியமிப்பதில்லை. சபையார் கூடிப் பெரும்பான்மை வாக்கில் அழைக்கிறார்கள். இந்தச் சபையில் நான் பெரிதாக மதிப்பது இதைத்தான்.

மற்ற விசுவாசத்தில் தாய்ச்சபையின் சாயல் அப்படியே இருக்கிறது. முதலில் இரட்சிப்பு, அடுத்து பரிசுத்தமாக்கப்படுதல், அதன்பின் பரிசுத்த ஆவியின் அபிஷேகம். அபிஷேகத்துக்கு அடையாளம் அந்நிய பாஷை. ஞானஸ்நானமும் இராப்போஜனமும் உண்டு. தெய்வீக சுகத்துக்காக ஜெபிப்பதையும் விடவில்லை. மருத்துவரிடம் போகிறவரைப் பழிப்பதில்லை.

கால் கழுவும் ஆராதனையையும் காத்து வருகிறார்கள். ஒரு பாத்திரத்தில் தண்ணீர், தோளில் ஒரு துண்டு. ஒருவர் முழங்காலிட்டு அடுத்தவரின் பாதத்தைத் தண்ணீரில் வைத்துக் கழுவித் துடைக்கிறார். பிறகு இடம் மாறிக்கொள்கிறார்கள். துண்டு இப்போது மற்றவர் தோளில்.