கட்டோடு முடியாத குளம்

கொழும்புக் கொட்டாஞ்சேனையில் உலையேறும் அரிசியில் பெரும்பங்கு மழை குறைந்த வரண்ட வலயத்தில் விளைந்தது. அங்கே ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை மழை கொட்டும். பிறகு மாதக்கணக்கில் வெயில்தான். அந்த மண்ணில் ஈராயிரம் ஆண்டுகளாக நெல் விளைவது குளங்களால். குளம் என்றதும் நாங்கள் கட்டையும் துருசையும் மட்டுமே நினைக்கிறோம். அதனால் குளம் பற்றிய மரபறிவின் பாதி எங்கள் கண்ணில் படுவதேயில்லை.

சிறு குளங்கள் தனித்தனியாக நிற்பவையல்ல. ஒரே பள்ளத்தாக்கில் மேலிருந்து கீழாகத் தொடர்ந்து அமைந்தவை. மேற்குளத்தின் நீர் வயலில் பாய்ந்து, வடிந்து, கீழ்க்குளத்தில் சேர்ந்து மறுபடியும் பாயும். சிங்களத்தில் எல்லங்காவ எனப்படும் இத்தொடரைப் பேராசிரியர் மத்தும பண்டார 1985இல் ஆய்வுலகுக்கு விளக்கினார்; 2017இல் ஐ.நா. உணவு விவசாய அமைப்பு இதை உலக விவசாய மரபுரிமையாக ஏற்றது. குளத்துக்கு மேலே ஒரு புல்வெளி வண்டலை மறிக்கும். அலைகரையில் நிற்கும் மருத மரங்கள் காற்றைத் தடுத்து, நீர் ஆவியாவதைக் குறைக்கும். கட்டுக்கும் வயலுக்கும் நடுவே ஒரு துண்டு நிலம் உழப்படாமல் கிடக்கும். கட்டின் அடியால் கசியும் உப்பு வயலுக்குப் போகாமல் அங்குள்ள செடிகொடிகள் பிடித்துக்கொள்ளும். சிறுபோகத்தில் தண்ணீர் போதாவிட்டால் குளத்தை ஒட்டிய வயலை மட்டும் விதைப்பார்கள். அதை அதன் சொந்தக்காரர் மட்டும் செய்வதில்லை. கடைக்கோடி வயல்காரருக்கும் அவருடைய பங்குக்கு ஏற்ப அதில் நிலம் பிரித்துக் கொடுப்பார்கள். பெத்ம என்னும் இந்த வழக்கத்தில் பஞ்சத்தின் சுமை ஒருவர் தலையில் மட்டும் விழாது. எனக்கு எல்லாவற்றிலும் பெரியதாகப் படுவது இதுதான்.

பழைய முறையைப் போற்றினால் 2021ஐச் சுட்டிக் காட்டுவார்கள். அந்த ஆண்டு மே மாதம், இயற்கை விவசாயத்தின் பெயரில், இரசாயன உர இறக்குமதி ஒரே அறிவிப்பில் தடைசெய்யப்பட்டது. விளைச்சல் வீழ்ந்தது, அரிசி விலை ஏறியது, நவம்பரில் அரசாங்கம் பின்வாங்கியது. கொழும்பில் அரிசி வாங்கித் தின்றவர்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்தத் தடைக்கும் மரபறிவுக்கும் உறவில்லை. எந்த மண்ணுக்கு எது, எந்தப் போகத்துக்கு எவ்வளவு என்று அந்தந்த ஊரில் பார்த்துத் தீர்ப்பதுதான் மரபு. நாடு முழுவதற்கும் ஒரே நாளில் ஒரே கட்டளை போடுவது அதற்கு நேர் எதிரானது.

இன்னொரு மறுப்புக்கு வலு அதிகம்: பழைய குளங்கள் இராசகாரியம் என்ற கட்டாய உழைப்பிலும் தங்கியிருந்தன. அது உண்மை, அந்த முறை திரும்பவே கூடாது. ஆனால் 1832இல் ஆங்கிலேயர் அதை ஒழித்தபோது, குளத்தைப் பார்த்துக்கொள்ள மாற்று ஏற்பாடு எதையும் செய்யவில்லை. பல குளங்கள் தூர்ந்துபோயின. 1856இல் நீர்ப்பாசனச் சட்டம் கொண்டுவந்து, ஊர் வழக்கங்களுக்கு மீண்டும் இடங்கொடுக்க வேண்டியதாயிற்று. ஆகவே கட்டாயத்தை நீக்கலாம், பொறுப்பை நீக்க முடியாது. இன்றைக்கு அந்தப் பொறுப்பை ஏற்கக் கமக்காரர் அமைப்புகளும் பயிர்ச்செய்கைக் கூட்டங்களும் இருக்கின்றன. குளத்தைத் திருத்தப் பணம் ஒதுக்கும்போது கட்டை உயர்த்துவதோடு நில்லாமல், மேலுள்ள புல்வெளிக்கும் கீழுள்ள உழாத துண்டுக்கும் எல்லைக்கல் நட்டு, அடுத்த குளத்து ஊரையும் அதே கூட்டத்துக்கு அழைக்க வேண்டும்.